ஓட்டமாவடி ரீமிக்ஸ்

1

மூன்று கிழமையாக ஒரு போன் எடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். எடுக்க வேண்டியது இலங்கையின் கிழக்கில், எங்கள் வாழைச்சேனைக்குப் பக்கத்து ஓட்டமாவடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஹனீபா நானாவுக்கு. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. கடைசியாக அவரோடு கதைத்தபோது எனக்குப் பதினெட்டு. அன்றைக்கு ஒரு கசெட்டை அவருடைய மேசையில் வைத்து, இது பழுது, வேறு தாருங்கள் என்று சண்டைக்காரன் மாதிரி நின்றவன் நான். அந்தக் கசெட் பழுதில்லை என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிய வந்தது. நாற்பது வருஷம் கழித்து ஒருவருக்குப் போன் எடுத்து, நான் சொன்னது பிழை என்று எப்படித் தொடங்குவது?

ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள், ஒரு கசெட்டுக்கா இவ்வளவு என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் மனைவி மலரும் அதைத்தான் செய்கிறாள்.

கதையை ஜேர்மனியிலிருந்து தொடங்கவேண்டும். நான் பஸ் ஓட்டும் இந்தச் சின்ன ஊரில் எண்பதுகளின் இசைக்கு ஒரு சங்கம் இருக்கிறது. இந்த நாட்டில் எதற்கும் சங்கம் இருக்கும். முயல் வளர்ப்பவர்களுக்கு இருக்கிறது, மீசை வளர்ப்பவர்களுக்கும் இருக்கிறது. சங்கம் என்றால் தலைவர், செயலாளர், சட்டதிட்டம் எழுதிய யாப்பு, விண்ணப்பப் படிவம், வருஷக் கூட்டம் எல்லாம் உண்டு. எங்கள் சங்கத்தில் நாற்பது பேர். பாதிப் பேர் என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள். ஒரு காலத்தில் ஸ்பிரே அடித்துத் தலைமயிரை வானத்துக்கு நிறுத்தியவர்கள். இப்போது நிறுத்துவதற்கு மயிர் இல்லை. ஆனாலும் தோளில் பஞ்சு வைத்த ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார்கள். முன்பு சனி இரவுகளில் கூடினார்களாம். முழங்கால், பிரஷர், நித்திரை மூன்றையும் யோசித்து, கூட்டத்தில் கையுயர்த்தி வாக்கெடுத்து, இப்போது ஞாயிறு பின்னேரம் மூன்றிலிருந்து ஏழு வரை என்று மாற்றிவிட்டார்கள். நடனத்துக்கு நடுவில் கோப்பியும் கேக்கும் உண்டு.

அந்தப் பாட்டுகளை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிரம் அடிக்க ஆள் கிடையாது, மெஷின் அடிக்கும். கிட்டார் இருக்காது, இருந்தாலும் கேட்காது. முன்னால் ஒருவர் உலகத்துத் துக்கத்தையெல்லாம் தூக்கி வைத்துப் பாடுவார். பின்னால் கீபோர்ட் அதைக் காதிலும் போட்டுக்கொள்ளாமல் துள்ளிக்கொண்டிருக்கும். காதல் தோற்றுப்போனதற்கு இப்படி ஆடலாம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது அந்த இசைதான். நாங்கள் காதலித்தே பார்க்காத வயதில் தோல்விக்கு ஆடிப் பழகிவிட்டோம்.

சங்கத்துக்காரர்களின் பைத்தியம் பாட்டோடு நிற்பதில்லை, ரீமிக்ஸில்தான் அது முற்றும். ஒரே பாட்டை எட்டு விதமாக வெட்டி, ஒட்டி, நீட்டி வெளியிட்டிருப்பார்கள். இவர்கள் எட்டையும் வாங்கியிருப்பார்கள். மூன்றாவதில் கைதட்டு இரண்டு தரம் கூட வருகிறது என்று ஒருவர் சொல்வார், அது நாலாவது என்று இன்னொருவர் சொல்வார், இரண்டு பேரும் ஒரு மாதம் கதைக்க மாட்டார்கள். பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் பன்னிரண்டு வருஷமாக அங்கே உறுப்பினன், சந்தாவை ஒருநாள் பிந்தியும் கட்டியதில்லை.

2

போன மாசி மாதத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். மலர் பால்சோறு காய்ச்சினாள். நான் சங்கத்துக்குப் போய் எனக்குப் பிடித்த பாட்டைக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

சங்கத்தில் ஒரு பாட்டைக் கேட்பதற்கும் படிவம் இருக்கிறது. பாட்டின் பெயர், எந்த வருஷத்து ரெக்கோர்ட், எந்த ரீமிக்ஸ், எத்தனை நிமிஷம், கேட்பதற்கான காரணம். உர்சுலா என்ற அம்மாதான் இதற்குப் பொறுப்பு. வரி அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் எத்தனை பேரை அழவைத்திருப்பாரோ தெரியாது, அந்தக் கவனம் முழுவதையும் இப்போது இசைத்தட்டுகளில் காட்டுகிறார். காரணம் என்ற கட்டத்தில் 'முப்பத்தைந்து வருஷம்' என்று எழுதினேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "கலியாணமா, தண்டனையா?" என்று கேட்டார். ஜேர்மன்காரருக்குப் பகிடி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாட்டின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் வாசிப்பதை விட்டுவிட்டுக் கேட்கப் போய்விடுவீர்கள். ஏழரை நிமிஷத்து நீட்டுப் பாட்டு அது. இதுவரை சங்கத்தில் சுருக்கமானதைத்தான் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஓடிய நீட்டுப் பாட்டில் நடுவில் ஒரு இடம் வரும். வாழைச்சேனையில் வளர்ந்தவனுக்கு அந்த இடம் வந்தால் குந்த வேண்டும். பாட்டு அப்படியே இளகி, இறங்கி, அடங்கிவிடும். எல்லாரும் குந்துவோம். சத்தம் திரும்பி எழும்பும்போது எல்லாரும் துள்ளி எழும்புவோம். எங்கள் பகுதிக் கலியாண வீடுகளில், பிறந்தநாள்களில், வாகரையில் இருந்து இந்தப் பக்கம் எங்கும் அதுதான் வழக்கம். அந்த இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'கரண்ட் போன இடம்'.

உண்மையான பாட்டில் அப்படி ஒரு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் கசெட்டில் பதியும்போது மின்சாரம் போனதால் வந்த பழுது அது. மூளைக்கு அது நன்றாகத் தெரியும். முழங்காலுக்கு யாரும் சொல்லவில்லை. உர்சுலா பாட்டைப் போட்டார். நாங்கள் ஒரு இருபத்தைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தோம். நாலாவது நிமிஷத்தில் நான் மட்டும் படீரென்று குந்தினேன்.

பாட்டு நிற்கவில்லை. என்னைத்தான் நிறுத்தினார்கள். இரண்டு பேர் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஒரு அம்மா என் ஷேர்ட் பொத்தானைக் கழற்றினார். யாரோ அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டார்கள். வந்த பொடியன்கள் இரண்டு பேரும் என் பிரஷரைப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். எனக்கு ஒன்றுமில்லை, நான் வேண்டுமென்றுதான் குந்தினேன் என்று ஜேர்மன் மொழியில் விளக்கினேன். முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மொழியில் வீட்டுக்கடன் எடுத்திருக்கிறேன், பிரஜாவுரிமைப் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆனால் மின்வெட்டுக்கு ஏன் குந்தவேண்டும் என்பதை மட்டும் விளங்கப்படுத்த முடியவில்லை. சங்கத்தின் காப்புறுதிக்காக உர்சுலா ஒரு விபத்துப் படிவத்தை எடுத்து வந்து முன்னால் இருந்தார். விழுந்ததன் காரணம் என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் எழுதவில்லை. பேனையை மூடிவிட்டு, "அந்தக் கசெட் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

3

இருக்கிறது. அகதியாக வந்தபோது ஒரு ஷேர்ட், ஒரு சாரம், பிறப்பத்தாட்சிப் பத்திரம், அதோடு அந்தக் கசெட். எதை எடுப்பது என்று யோசிக்க நேரமில்லாதபோது மனிதன் என்னத்தையெல்லாம் எடுக்கிறான் பாருங்கள்.

அந்தக் காலத்தில் ஓட்டமாவடியில் பாலத்துக்குக் கிட்ட ஹனீபா நானா ஒரு ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். பெயரில் பார் இருந்ததே தவிர, குடிப்பதற்குப் பக்கத்துக் கடைப் பிளேன்டீதான். வெறும் கசெட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்தால் இரண்டு நாளில் பாட்டுகளை அதில் அடித்துத் தருவார். அவருடைய மச்சான் குவைத்தில் வேலை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெரிய ரெக்கோர்ட்டுகளாகக் கொண்டுவருவார். கொழும்பில் இருப்பவர்களுக்கே கிடைக்காத ரீமிக்ஸ்கள் எங்கள் வாவிக்கரைக்கு வந்தது அப்படித்தான். நானாவுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரெக்கோர்ட்டைப் பார்த்தபடி இருப்பார். நாங்கள் போய் நின்றாலும் பாட்டு முடியும்வரை நிமிர மாட்டார்.

பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு நாங்கள் நாலு பேர் வெஸ்டர்ன் டான்ஸ் ஆடுவதென்று பெயர் கொடுத்திருந்தோம். வெள்ளைக் கையுறை, கறுப்புக் கண்ணாடி, பள்ளிக்கூட அதிபருக்கு நெஞ்சிடி. யாரிடமோ இரவல் வாங்கிய பழைய கசெட் ஒன்றில் அந்தப் பாட்டை வைத்துப் பழகினோம். அது இழுபட்டுப் போனதால் மேடைக்குப் புதிதாக அடிக்க நானாவிடம் கொடுத்தோம். கலைவிழாவன்று பின்னேரம் ஓடிப்போய் வாங்கினேன்.

"இத ஒருக்கா முழுசாக் கேட்டுட்டு ஆடுங்க மனே" என்றார் நானா. மகனே என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"நேரமில்ல நானா, பாட்டு எங்களுக்குப் பாடம்தான்" என்றேன்.

மேடையில் நாலாவது நிமிஷத்தில் பாட்டு இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் ஆடிய யோகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் நான் குந்திவிட்டேன். மற்ற மூவரும் குந்தினார்கள். மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது. பிறகு பாட்டு அடியிலிருந்து எழும்பி வந்தது, நாங்களும் துள்ளி எழும்பினோம். சனம் போட்ட சத்தத்தில் அதற்குப் பிறகு வந்த பாட்டே கேட்கவில்லை. முதற் பரிசு எங்களுக்குத்தான். ஆறு கண்ணாடிக் கிளாஸ்.

இவ்வளவு நடந்த பிறகு மனிதனாகப் பிறந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது இது. திங்கட்கிழமை அந்தக் கசெட்டைக் கொண்டுபோய் நானாவின் மேசையில் வைத்தேன்.

"நானா, இது பழுது. நடுவில கரண்ட் போயிருக்கு. மேடையில எங்கட மானம் போகப் பார்த்தது. வேற அடிச்சுத் தாங்க."

நானா ஹெட்போனைக் கழற்றினார். கசெட்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம் மனே. கரண்ட்தான்" என்றார். "வேற அடிச்சுத் தாறன்."

பழுதானதை நீயே வைத்துக்கொள் என்று திருப்பித் தந்து, புதிதாக ஒன்றும் அடித்துத் தந்தார். ஒரு கசெட்டோடு போய் இரண்டோடு வந்த கெட்டிக்காரன் என்று யோகன் என்னைப் புகழ்ந்தான். ஆனால் புதியதை யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பழுதுக் கசெட்தான் வேண்டும். அதிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி என்று ஊரெல்லாம் போய்விட்டது. பிறகு நாட்டு நிலைமை மாறி, பாலத்தின் எங்கள் பக்கத்துத் தமிழர் அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் எங்கள் பக்கமும் போகாத காலம் வந்தது. நானா கடையை மூடினார் என்று கேள்விப்பட்டேன். நான் வெளிக்கிட்டு வந்துவிட்டேன்.

4

என் மகள் மிதுனாவுக்கு இருபத்தைந்து வயது. வேறொரு நகரத்தில் கணினி விளையாட்டுகளுக்கு ஒலி அமைக்கிறாள். மாதம் ஒருமுறை அழுக்கு உடுப்போடு வருவாள், தோய்த்த உடுப்போடு போவாள். என்னோடு அவளுக்குப் பேச்சு குறைவு. நான் தமிழில் பத்து வசனம் சொன்னால் அவள் ஜேர்மனில் ஒரு சொல் சொல்வாள். அந்தச் சொல்லும் பெரும்பாலும் 'ஓகே'. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை பிடிப்பதற்கும் ஏதாவது ஒரு பொது விஷயம் வேண்டுமே.

அப்பா சங்கத்தில் குந்தி அம்புலன்ஸ் வந்த கதையை மலர் அவளுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை, மாதம் முடியமுன்பே வந்து நின்றாள். சிரிப்பதற்காக வந்தாள் என்றுதான் நினைத்தேன். கசெட்டைத் தரச் சொன்னாள். என் பழைய பிளேயரின் ரப்பர் வார் இளகிப் பாகாகிவிட்டது. அவள் எங்கிருந்தோ ஒரு மெஷினை இரவல் வாங்கி வந்து, கசெட்டை மெதுவாகச் சுற்றிப் பார்த்து, கணினியில் ஏற்றினாள். அதை உர்சுலாவுக்கும் அனுப்பிவைத்தோம்.

உர்சுலாவிடமிருந்து இரண்டாம் நாள் பதில் வந்தது. அந்தப் பாட்டுக்குத் தன்னுடைய பட்டியலில் பதினொரு ரீமிக்ஸ் இருப்பதாகவும், இதைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். கூடவே ஒரு படிவம். ரீமிக்ஸ் செய்தவர் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்று சிவப்பில் கோடு போட்டிருந்தார். நான் 'மின்வெட்டு' என்று எழுதினேன். எனக்கே என் பகிடி பிடித்திருந்தது.

மிதுனா பேனையை வாங்கி அதை வெட்டினாள். "இது கரண்ட் இல்ல அப்பா."

அவளே தமிழில் தொடங்கியதால் நான் உடனே நிமிர்ந்து இருந்தேன். தமிழில் அவளுக்குச் சொல் முட்டியது. விடாமல் கைகளால் காட்டினாள். ரெக்கோர்ட் சுற்றுவது ஒரு மெஷின், கசெட்டில் பதிவது இன்னொரு மெஷின். கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து நிற்கவேண்டும். அப்படி நின்றிருந்தால் பாட்டு இப்படிக் கீழே இறங்கிக் கேட்காது. இதில் ரெக்கோர்ட் மட்டும்தான் நின்றிருக்கிறது. கசெட் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஆரோ ரெக்கோர்ட் மேல விரல் வச்சிருக்கு" என்றாள். "மெல்லமா. சரியா எட்டு தாள அடிக்கு. ஒன்பதுக்கு விரல் எடுத்திருக்கு. கரண்டுக்கு எண்ணத் தெரியாது அப்பா."

நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எட்டு. எப்போது எண்ணினாலும் எட்டு. அவ்வளவு காலமும் அதற்குக் குந்தி எழும்பினோமே, ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. நாங்கள் துள்ளியது எல்லாம் ஒரு மனிதன் எங்களுக்காக எண்ணி வைத்த எண்ணிக்கைக்கு. அதைத்தான் நான் பழுது என்று அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தேன்.

"பேர் என்ன?" என்று மிதுனா கேட்டாள். சொன்னேன். "அவர்ட்ட கேக்காமப் போட ஏலாது. நீங்க கேளுங்க" என்று படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

5

நம்பர் கிடைப்பது பெரிய வேலையில்லை. வாழைச்சேனையில் இருக்கும் அக்கா டைல்ஸ் கடைப் பலகையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். ஹஜ் போய்வந்து, ஹனீபா நானா இப்போது ஹனீபா ஹாஜியார். மகன்மார் கடையைப் பார்க்கிறார்கள், அவர் காசு மேசைக்குப் பக்கத்தில் இருந்து பேப்பர் பார்க்கிறாராம்.

முதல் கிழமை எனக்குத் தடிமனும் தும்மலும். இரண்டாம் கிழமை அங்கே விடுமுறை நாள் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். மூன்றாம் கிழமை ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. உர்சுலா பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் டிக்கட்டைக் காட்டிவிட்டு, "படிவம்?" என்று கேட்டுக்கொண்டு போனார். மிதுனா நாளுக்கு ஒருமுறை போன் எடுத்தாள். வருஷக்கணக்கில் நான் ஏங்கிக் கிடந்த போன்கள் அவை. இப்போது அவற்றுக்குப் பயந்து ஒளிந்து திரிந்தேன்.

"உங்களுக்கு என்ன பயம் எண்டு கேக்கிறன்" என்றாள் மலர். "ஏசினா ஏச்சு வாங்குங்க. வீட்டில வாங்காத ஏச்சா?"

மூன்றாம் கிழமை ஞாயிறு காலை மிதுனாவும் வந்துவிட்டாள். அங்கே பகல் ஒரு மணி இருக்கும். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். மகன் எடுத்து, "வாப்பா, ஜேர்மனியிலருந்து ஆரோ" என்று கொடுத்தார்.

"ஆரு?" என்றது ஒரு தளர்ந்த குரல்.

சொன்னேன். வாழைச்சேனை, கலைவிழா, நாலு பேர், வெள்ளைக் கையுறை.

"பழுதுக் கசெட்காரன்" என்றார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நானா, அது பழுதில்ல. என்ட மகள் கண்டுபிடிச்சிட்டா. நீங்க விரல் வச்சிருக்கிறீங்க."

கடைக்குள் யாரோ டைல்ஸ் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"நான் அண்டைக்குக் கடையப் பூட்டிட்டு வந்தன் மனே" என்றார். "ஒங்கட பள்ளிக்கூட மதிலுக்கு வெளியால நிண்டன். உள்ளுக்கு வர வெட்கம். நீங்க குந்துவீங்க எண்டு எனக்குத் தெரியாது. நிண்டு போற இடத்தில ஏதாவது செய்வானுகள் எண்டுதான் அடிச்சன். சனம் சத்தம் போட்டுது பாரு, அது எனக்குத்தான் எண்டு நினைச்சன்."

"உங்களுக்குத்தான் நானா."

"திங்கக்கிழமை நீ வாறதக் கண்டன். பாலத்தில வரக்குள்ளயே கண்டன். நல்லா இருந்ததெண்டு சொல்லத்தான் வாறான் எண்டு நினைச்சு, பக்கத்துக் கடையில ஒனக்கும் ஒரு பிளேன்டீ சொல்லிட்டன்."

அந்தத் தேநீர் எனக்கு ஞாபகமில்லை. நான் குடித்திருக்க மாட்டேன், புதுக் கசெட் கிடைத்ததும் ஓடிவந்திருப்பேன். "நானா, எனக்கு அப்ப விளங்கல்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். இரண்டே வசனம். இதற்குத்தான் மூன்று கிழமை ஒளிந்து திரிந்திருக்கிறேன்.

"சின்னப் பொடியன், ஒனக்கு என்ன தெரியும்" என்றார். "ஆனா வாடிக்கைக்காரன் வந்து பழுது எண்டு சொன்னா அது பழுதுதான். மறுகா நான் ஒரு ரெக்கோர்ட்டிலயும் விரல் வைக்கல்ல."

மலர் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். சங்கம், உர்சுலா, பன்னிரண்டாவது ரீமிக்ஸ், பெயர் எழுதும் கட்டம்.

"பேரா?" குரல் தணிந்தது. மகன்மாருக்குக் கேட்காமல் கதைக்கிறார் என்று விளங்கியது. "இவனுகள் பள்ளிவாசல் வேலையெல்லாம் பாக்கிறவனுகள். வாப்பா டிஸ்கோப் பாட்டு அடிச்ச கதை இவனுகளுக்குத் தெரியாது."

"அப்ப வேணாம் நானா. வேற ஏதாவது எழுதுறம்."

"இரி மனே, நான் வேணாம் எண்டனா?" என்று அவசரமாகச் சொன்னார். பிறகு நன்றாக யோசித்து, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னார். "ஹாஜியார் எண்டு போட வேணாம். அப்ப நான் ஹாஜியார் இல்ல. ஹனீபா எண்டு போடச் சொல்லு. ஓட்டமாவடி எண்டதையும் போடச் சொல்லு."

படிவத்தைப் பக்கத்தில் தள்ளினேன். மிதுனா எழுதினாள். எழுதிவிட்டு போனைத் தன் பக்கம் இழுத்து, தன்னுடைய முறிந்த தமிழில், "நானா, நான் மகள். நீங்க வேற பாட்டும் இப்பிடிச் செய்ய நினைச்சதா?" என்று கேட்டாள். அவர் அவளுக்கு நானா, அதாவது அண்ணன், முறை இல்லை என்று திருத்த வாய் எடுத்தேன். அவரே அதைக் கவனிக்கவில்லை.

"ஆறு பாட்டு நினைச்சு வச்சிருந்தன் புள்ள" என்றார்.

ஆறு பாட்டு. அதையும் என் புதுக் கசெட்டோடு சேர்த்துத்தான் நான் அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மிதுனா படிவத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தில் ஒன்று என்று போட்டாள். நானா முதல் பாட்டைச் சொன்னார், பேருக்குப் பதிலாக மெட்டை முணுமுணுத்தார், விரல் எந்த இடத்தில், எத்தனை எண்ணிக்கைக்கு, மெல்ல எடுப்பதா சடாரென்று எடுப்பதா என்று சொன்னார். ஹாஜியாராகி டைல்ஸ் கடை போட்ட இந்த நாற்பது வருஷமும் அவரிடம் அது அப்படியே இருந்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அவள் குறித்துக்கொண்டே வந்தாள். புரியாத சொல்லை அவரிடமே கேட்டாள், அவரும் ஒரு அவசரமும் இல்லாமல் விளங்கப்படுத்தினார். ஐந்தாவதின் மெட்டு நடுவில் நின்று, அங்கே சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து, "நானா, ஹலோ, நானா" என்று குனிந்து கூப்பிட்டேன்.

மிதுனா கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

"சும்மா இருங்க அப்பா. அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்."